பள்ளியில் நாப்கினை இலவசமாகக் கொடுக்க வேண்டுமா? பெற்றோர் கூட்டத்தில் பேச வேண்டும், கருத்து சொல்லுங்கள்

நீலவானம்:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் குழுவில் நானும் இருக்கிறேன். மாணவிகளுக்கு நாப்கினைப் பள்ளியே இலவசமாகக் கொடுக்கலாமா என்பது அடுத்த கூட்டத்தில் பேச்சுக்கு வருகிறது. போன கூட்டத்தில் ஒரு அம்மா இதை எடுத்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஓடவில்லை. பாதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் "இதெல்லாம் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்" என்றார், இன்னொருவர் "முதலில் லேபுக்கு வாங்க வேண்டியதை வாங்குங்கள்" என்றார், அப்படியே அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த அம்மாவின் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்று நினைக்கிறேன்.

என் மனைவியிடம் கேட்டால் "கொடுக்கணும், இதில் கேள்வி என்ன இருக்கு" என்கிறார். எனக்கும் மனதில் அதுதான். ஆனால் கூட்டத்தில் எதிர்க்கேள்வி வரும்போது விவரத்தோடு பதில் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே கொடுத்தனுப்பலாம் என்னும்போது பள்ளி ஏன் தர வேண்டும்? எல்லாருக்குமா, இல்லை வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மட்டுமா? இதனால் லீவு போடுவது உண்மையிலேயே குறைகிறதா? எங்கே வைப்பது, பயன்படுத்தியதை என்ன செய்வது?

ஆசிரியர்கள், பெண்கள், சமீபத்தில் பள்ளி முடித்தவர்கள் யாராக இருந்தாலும் தயங்காமல் நேராகச் சொல்லுங்கள்.

வகுப்பறை_வாசல்:

சார், நான் நடுநிலை வகுப்புகளுக்குப் பல வருடமாகப் பாடம் எடுக்கிறேன். கட்டாயம் கொடுக்க வேண்டும். அதோடு, எப்படிக் கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்தே முடிவு பண்ணுங்கள், ஏனென்றால் தப்பான விதத்தில் கொடுத்தால் கொடுக்காததற்குச் சமம்.

வீட்டிலிருந்து கொடுத்தனுப்பினால் போதும் என்கிறவர்கள் மாதவிடாய் தேதி பார்த்து வரும் என்று நினைக்கிறார்கள். பெரியவர்களுக்கே நாள் முன்னே பின்னே ஆகும். ஆரம்பித்த முதல் சில வருடங்களில் 21 நாளிலும் வரும், 45 நாள் கழித்தும் வரும், இரண்டுமே அந்த வயதுக்கு இயல்புதான். முதல்முறை எப்போது என்பதையோ யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலும் 10 வயதிலிருந்து 15 வயதுக்குள், அவ்வளவுதான் தெரியும். அது கணக்கு வகுப்பின் நடுவில் வரலாம், பரீட்சை ஹாலில் வரலாம். எவ்வளவு பொறுப்பான அம்மாவாக இருந்தாலும் அந்த நிமிடத்தில் பக்கத்தில் இருக்கப்போவது பள்ளிதான்.

வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஆகிவிட்டால் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். மணி அடித்தும் அவள் எழுந்திருக்க மாட்டாள். பக்கத்தில் இருப்பவளின் கையைப் பிடித்து இழுத்து ஏதோ சொல்வாள். எல்லாரும் வெளியே போனதும் மெதுவாக எழுந்து, பின்னால் பார்க்கச் சொல்வாள். அப்புறம் இருவரும் சுவரோரமாக நடப்பார்கள், அவள் முன்னால், தோழி ஒட்டினாற்போல் பின்னால் மறைத்துக்கொண்டு. பையை முதுகில் மாட்டாமல் வாரை நீளமாக விட்டு இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டிருப்பாள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தையெல்லாம் தெரிந்திருக்கிறது என்பதே எனக்குத் தாங்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் நாப்கின் இருந்தது. ஸ்டாஃப் ரூம் பீரோவில், பூட்டி. சாவி ஒரு ஆசிரியையிடம் இருக்கும், அவர் வகுப்பில் இருந்தால் காத்திருக்க வேண்டும். வாங்குகிற பிள்ளை ஒரு நோட்டில் பெயர், வகுப்பு, தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதே அறையில் ஆண் ஆசிரியர்களும் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருப்பார்கள். வருடக் கடைசியில் பார்த்தால் பாதிக்கு மேல் பாக்கெட் பிரிக்கப்படாமல் கிடந்தது. தேவை இல்லை என்று எழுதி வைத்து அடுத்த வருடம் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளோ அந்த வருடம் முழுக்க தோழியிடம் கடன் வாங்கினார்கள், டிஷ்யூவை மடித்து வைத்துக்கொண்டார்கள், வயிற்றுவலி என்று சொல்லி வீட்டுக்குப் போனார்கள். கேட்டு வாங்கு என்று வைத்தால் ரொம்பத் தேவைப்படுகிற பிள்ளைதான் கேட்காமல் போவாள்.

இப்போது இருக்கும் பள்ளியில் மாணவிகள் கழிப்பறைக்குள்ளேயே திறந்த அலமாரி இருக்கிறது. பூட்டு இல்லை, நோட்டு இல்லை. முதல் மாதம் வேகமாகக் காலியானது, சிலர் நாலைந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். அதற்காக யாரையும் கண்டிக்கக் கூடாது என்று ஆசிரியைகள் நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம். நாளைக்கும் அங்கே இருக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் எடுப்பது தானாகக் குறைந்துவிட்டது. இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் அள்ளுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை:

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். பள்ளி நிர்வாகத்தில் வரவு செலவு பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பள்ளியின் கையில் இருக்கும் பணம் ஒன்றுதான். அதில் எதை எடுத்தாலும் வேறொன்று குறையும். வாங்க முடிந்த குடும்பத்துப் பிள்ளைக்கும் சேர்த்து ஏன் தர வேண்டும்? முடியாதவர்களுக்கு மாதாமாதம் முழுப் பாக்கெட்டாகவே வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம், அது அவர்களுக்கு இன்னும் பெரிய உதவி. நாலு பேருக்கு முழுசாகச் செய்யக்கூடிய உதவியை நாற்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் யாருக்கும் போதாது.

அப்புறம், நாப்கின் கொடுத்தால் வருகை கூடும் என்று எல்லாரும் அடித்துச் சொல்கிறார்கள். எமிலி ஆஸ்டர், ரெபெக்கா தார்ன்டன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் நேபாளத்தில் பள்ளி மாணவிகளுக்கு மாதவிடாய்க் கப் (உடம்புக்குள் வைத்து ரத்தத்தைப் பிடித்து, கழுவித் திரும்பப் பயன்படுத்தும் சின்னக் கிண்ணம்) கொடுத்துப் பார்த்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். மாதவிடாயால் ஒரு மாணவி தவறவிட்டது வருடத்துக்கு அரை நாளுக்கும் குறைவு. கப் கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் வருகையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கூட்டத்தில் நீங்கள் வருகையை வைத்து வாதாடினால், விவரம் தெரிந்த ஒருவர் இதை எடுத்துப் போட்டு உங்களை உட்கார வைத்துவிடுவார்.

கடைசியாக, தண்ணீர். குழாயில் தண்ணீர் வராத, தாழ்ப்பாள் விழாத கழிப்பறையில் நாப்கின் அடுக்கி வைத்து என்ன பயன்? முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பனித்துளி:

கணக்குப்பிள்ளை அண்ணா, நான் பள்ளி முடித்துச் சில வருடம்தான் ஆகிறது. நீங்கள் சொல்கிற ஆய்வு உண்மையாகவே இருக்கட்டும். நானும் பீரியட்ஸுக்காக லீவு போட்டதில்லை. வருகைப் பதிவேட்டில் நான் எல்லா நாளும் இருந்தேன்.

ஆனால் எப்படி இருந்தேன் என்று அந்தப் பதிவேட்டில் இருக்காது. காலையில் வைத்த பேடோடு மாலை வரைக்கும் இருப்பேன், ஏனென்றால் மாற்ற இன்னொன்று இருக்காது. விளையாட்டு வகுப்பில் கால் வலி என்று ஓரமாக உட்காருவேன். போர்டில் எழுதக் கூப்பிட்டால் தெரிந்த பதிலையும் தெரியாது என்று சொல்லிவிடுவேன், எழுந்து எல்லாருக்கும் முதுகைக் காட்டி நிற்க வேண்டுமே. தண்ணீர் குடிக்க மாட்டேன், கழிப்பறைக்குப் போக வேண்டி வருமே என்று. அந்த நாட்களில் டீச்சர் பேசுவது காதில் விழும், மண்டையில் ஏறாது. முழு நேரமும் நினைப்பு ஒரே இடத்தில்தான்.

எங்கள் வீட்டில் அப்பா மட்டும்தான். நல்ல அப்பா. கேட்டிருந்தால் உடனே வாங்கித் தந்திருப்பார். எனக்குத்தான் கேட்க வாய் வரவில்லை, சித்தி வரும்போது வாங்கி வைத்துக்கொள்வேன், அது தீர்ந்தால் சமாளிப்பேன். பணம் இல்லாத வீடு என்று எங்கள் வீட்டை எந்தப் பட்டியலிலும் சேர்க்க முடியாது. ஆனால் எனக்கு நாப்கின் இல்லை. "வசதி குறைந்தவர்களுக்கு மட்டும்" என்று வைத்தால் என்னைப் போன்ற பிள்ளை அதில் வரவே மாட்டாள். பட்டியலில் வருகிற பிள்ளைக்கோ, மாதாமாதம் எல்லார் முன்னாலும் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போகிற அவமானம். வீட்டில் எல்லாம் இருந்தும் அன்றைக்குப் பையில் எடுத்து வைக்க மறந்தவளும் இருப்பாள். இவர்கள் எல்லாருக்கும் அந்த நிமிடத்தில் தேவைப்படுவது ஒரே ஒரு பேட்.

செவிலி_அக்கா:

நான் செவிலியர். பள்ளி மாணவிகளை அடிக்கடி பார்க்கிற வேலை. பனித்துளி சொன்ன "காலையில் வைத்தது மாலை வரை" என்பதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

பேடை நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும், அதிகமாகப் போகும் நாளில் அதற்கும் முன்பே. வீட்டிலிருந்து கிளம்பும் நேரம், பள்ளி நேரம், திரும்பும் நேரம் எல்லாம் சேர்த்தால் எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகிவிடும். ஈரத்தோடு உட்கார்ந்தே இருந்தால் தொடை இடுக்கில் தோல் உரிந்து புண்ணாகும், அரிப்பு வரும், நடக்கும்போது எரியும். அதை இந்தப் பிள்ளைகள் வெளியே சொல்வதில்லை, முற்றினபிறகு வருகிறார்கள். டேம்பான், அதாவது உடம்புக்குள் வைக்கும் பஞ்சுச் சுருள், பயன்படுத்துகிறவர்களாக இருந்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே விடவே கூடாது. நச்சு அதிர்ச்சி நோய் என்று ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வெளிவிடும் நச்சால் வருவது. அரிதுதான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. மாற்ற இன்னொன்று கையில் இல்லாத பிள்ளை அதையே இழுத்துக்கொண்டு போவாள். அதனால் இதை வசதி, அசௌகரியம் என்று மட்டும் பார்க்காதீர்கள், உடம்பு சம்பந்தப்பட்டது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இதை யாரும் கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள், நீங்களாவது சொல்லுங்கள். ஒரு சுற்றில் வெளியேறும் ரத்தம் சராசரியாக 30, 40 மில்லி. 80 மில்லிக்கு மேல் போனால் அது அதிகப்படியான ரத்தப்போக்கு. பிள்ளைகளுக்கு அளந்து பார்க்கத் தெரியாது, ஆனால் அடையாளம் தெரிந்திருக்கலாம்: ஒரு மணி இரண்டு மணிக்கு ஒருமுறை பேட் நிறைந்துபோவது, பெரிய ரத்தக் கட்டிகள் விழுவது, ஏழு நாளைத் தாண்டியும் நிற்காமல் போவது. இப்படி இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இரும்புச்சத்து குறைந்து, படிக்க உட்கார்ந்தால் தூங்கி வழிகிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருப்போம். சிலருக்கு ரத்தம் உறைவதிலேயே பிறவிக் குறை இருக்கும், வான் வில்லிபிராண்ட் நோய் அப்படிப்பட்டது, பல பெண்களுக்கு அது முதலில் வெளியே தெரிவதே இந்த வயதில் மாதவிடாயின் மூலம்தான். வலியும் அப்படித்தான். முதல் நாள் கொஞ்சம் வலிப்பது சாதாரணம். மாதாமாதம் வாந்தி எடுத்துச் சுருண்டு படுக்கிற அளவு வலி சாதாரணம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது, கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்கிற நோய் அது. "எல்லாப் பொம்பளைகளுக்கும் வர்றதுதானே" என்று சொல்லிச் சொல்லியே அதைக் கண்டுபிடிக்கப் பல வருடம் தள்ளிவிடுகிறோம்.

அந்த அலமாரிக் கதவில் இந்த அடையாளங்களை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டினாலே போதும். எந்த ஆசிரியையிடம் பேசலாம் என்று ஒரு பெயரும் இருக்கட்டும். நாப்கின் எடுக்க வரும் பிள்ளை அதையும் படிப்பாள்.

கணக்குப்பிள்ளை சாருக்கு: ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரி சொல்லவில்லை. 2016இல் வெளியான ஒரு உகாண்டா ஆய்வில், துவைத்துப் பயன்படுத்தும் பேட் அல்லது பருவமடைதல் பற்றிய பாடம் கிடைத்த பள்ளிகளில், எதுவும் கிடைக்காத பள்ளிகளைவிட வருகை மேலாக இருந்தது. இடத்துக்கு இடம் மாறும். அதனால் நான் வருகையை வைத்து வாதாடச் சொல்ல மாட்டேன். கழிப்பறையில் சோப்பு வைக்கிறோம், சோப்பு வைத்தால் வருகை கூடுமா என்று யாரும் கேட்பதில்லை.

திசைகாட்டி:

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள் என்று கேட்பவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்து 2018லேயே பள்ளி, கல்லூரிகளில் இலவசமாகத் தர ஆரம்பித்துவிட்டது. மோனிகா லெனன் என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதாவை 2020 நவம்பரில் அந்த நாடாளுமன்றம் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியது, 2022 ஆகஸ்ட் 15 முதல் தேவைப்படும் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கச் செய்வது உள்ளாட்சி அமைப்புகளின் சட்டக் கடமை, கல்வி நிலையங்களுக்கும் அவர்களுடைய மாணவிகள் விஷயத்தில் அதே கடமை. வகுப்பறை_வாசல் மேடம் சொன்னதை அந்தச் சட்டமே சொல்கிறது: சுலபமாகக் கிடைக்க வேண்டும், வாங்குபவரின் மரியாதை கெடக் கூடாது, ஒரே ஒரு வகை மட்டும் வைக்காமல் தேர்ந்தெடுக்க வழி இருக்க வேண்டும். சாவியும் நோட்டும் இந்த மூன்றில் இரண்டையாவது உடைத்துவிடும்.

கென்யாவில் 2017இல் கல்விச் சட்டத்தைத் திருத்தி, அரசுப் பள்ளியில் பருவமடைந்த ஒவ்வொரு மாணவிக்கும் இலவச நாப்கின் தருவதோடு, பயன்படுத்தியதைப் போடப் பாதுகாப்பான ஏற்பாடும் அரசின் பொறுப்பு என்று சேர்த்தார்கள். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் 2020 ஜனவரியில் திட்டம் வந்தது. நியூசிலாந்தில் 2021 ஜூனில். பணக்கார நாடும் செய்திருக்கிறது, அவ்வளவு வசதியில்லாத நாடும் செய்திருக்கிறது.

அதே சமயம் உலகம் முழுக்கப் பார்த்தால் நிலைமை மோசம். யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் இரண்டும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட அறிக்கையில், மாதவிடாய் பற்றிப் பாடம் சொல்லித் தரும் பள்ளிகள் 39 சதவீதம், மாணவிகள் கழிப்பறையில் நாப்கின் போடக் குப்பைத்தொட்டி உள்ள பள்ளிகள் 31 சதவீதம். குப்பைத்தொட்டிக்கே இந்தக் கதி.

மண்புழு:

குப்பைத்தொட்டி பேச்சு வந்ததால் எழுதுகிறேன். கழிவு மேலாண்மையில் வேலை செய்கிறேன்.

கடையில் கிடைக்கும் பெரும்பாலான பேடில் மேல்விரிப்பு, கீழ்விரிப்பு இரண்டும் பிளாஸ்டிக், நடுவில் உறிஞ்சுவதற்கு மரக்கூழும் ஜெல் பொடியும். இது மக்காது. கழிப்பறைக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே போய் உப்பிக் குழாயை அடைத்துக்கொள்ளும். நான் பார்த்த அடைப்புகளில் நிறைய இதனால்தான். தொட்டி இல்லாத இடத்தில் பிள்ளை வேறு எங்கே போடுவாள்? ஜன்னல் வழியாக வீசுவாள், இல்லை உள்ளே போடுவாள். அதற்கு அவளைத் திட்டக் கூடாது.

ஒவ்வொரு கதவுக்குள்ளும் மூடியுள்ள ஒரு சின்னத் தொட்டி, பக்கத்தில் சுற்றிப் போடப் பழைய செய்தித்தாள் துண்டுகள். தினமும் எடுக்க வேண்டும். எடுக்கிறவருக்குக் கையுறை, அந்த வேலைக்குத் தனியாகக் கூலி. இதை விட்டுவிட்டு அலமாரி மட்டும் வைத்தால் மொத்தச் சுமையும் துப்புரவு வேலை செய்கிற அம்மா தலையில் விழும். தயவுசெய்து இதைக் கூட்டத்தில் சொல்லுங்கள், அவர்களுக்காக அங்கே பேச ஆள் இருக்காது.

சின்ன எரிப்பான் மெஷின் வாங்கச் சிலர் யோசனை சொல்வார்கள். பிளாஸ்டிக்கை நல்லபடியாக எரிக்க 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூடு எட்டாத மெஷினில் எரித்தால் டையாக்சின் போன்ற நச்சுப் புகை வரும், அதுவும் பிள்ளைகள் விளையாடும் இடத்தில். வேண்டாம்.

துணி பேட், கப் இரண்டும் கழிவைக் குறைக்கும். நல்ல சிலிகான் கப் பத்து வருடம் வரைக்கும் வரும். ஆனால் அதைப் பள்ளி கட்டாயப்படுத்தக் கூடாது. துணியைத் துவைத்து வெயிலில் காயப்போட இடம் வேண்டும், கப்பைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும், வீட்டில் தனிமை இல்லாத பிள்ளைக்கு இரண்டுமே கஷ்டம். விருப்பப்படுகிற பெரிய வகுப்புப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளட்டும். அலமாரியில் சாதாரண பேட் எப்போதும் இருக்கட்டும்.

கணக்குப்பிள்ளை:

எல்லாவற்றையும் படித்தேன். பனித்துளி தங்கச்சி, நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை. என் பெரியவளிடம் கேட்டேன். அவளும் போர்டுக்குப் போகாமல் இருந்திருக்கிறாளாம். பட்டியல் போட்டுக் கொடுப்பது சரிவராது, ஒத்துக்கொள்கிறேன். பள்ளி நேரத்துக்கு எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும். தேவைப்படும் வீட்டுக்குத் தனியாக, அமைதியாக முழுப் பாக்கெட் தருவதையும் சேர்த்துச் செய்யலாம்.

கூட்டத்துக்கு உதவும் என்று ஒரு கணக்குப் போட்டேன். 28 நாளுக்கு ஒருமுறை என்று வைத்தால் வருடத்துக்கு 13 சுற்று, சுற்றுக்கு 5 நாள், மொத்தம் 65 நாள். வருடத்தில் பள்ளி நடப்பது சுமார் 200 நாள் என்றால் அந்த 65இல் ஏறக்குறைய 36 நாள்தான் பள்ளி நாளில் விழும். பள்ளி நேரத்தில் நாளைக்கு இரண்டு என்று வைத்தால் ஒரு மாணவிக்கு வருடத்துக்கு 72. இது ஒருத்தி வீட்டிலிருந்து எதுவுமே கொண்டுவராவிட்டால் ஆகும் கணக்கு. பலர் கொண்டுவருவார்கள், சின்ன வகுப்பில் பாதிப் பேருக்கு இன்னும் ஆரம்பித்திருக்காது, அதனால் இதில் ஒரு பகுதிதான் உண்மையில் செலவாகும். மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். மாணவிகள் எண்ணிக்கையால் பெருக்கி, உங்கள் பள்ளியின் மற்ற செலவுகளுக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் மனதில் இதைவிட ரொம்பப் பெரிய எண் இருக்கும், அந்த பயத்தில்தான் வேண்டாம் என்கிறார்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தண்ணீர், தாழ்ப்பாள், தொட்டி, நாப்கின் நான்கும் ஒரே தீர்மானமாகப் போகட்டும். தனித்தனியாகப் போனால் ஒன்றைக் காரணம் காட்டி இன்னொன்றைத் தள்ளுவார்கள்.

நீலவானம்:

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, ரொம்ப நன்றி. கணக்கை எங்கள் பள்ளி எண்ணிக்கைக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், கேட்க முடியாத தொகை இல்லை. தீர்மானத்தை அந்த அம்மாவும் நானும் சேர்ந்து எழுதுகிறோம். பேசுவதை அவர்களே பேசட்டும், எதிர்க்கேள்வி வந்தால் நான் எழுந்து நிற்கிறேன்.

இரண்டு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. பையன்கள் கேலி செய்தால் என்ன செய்வது? அப்புறம், ஆரம்பிக்கும்போது கவனிக்க வேண்டிய சின்னச் சின்ன விஷயம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் மேடம்.

வகுப்பறை_வாசல்:

பையன்களுக்கும் அதே பாடத்தை அதே வகுப்பில் உட்கார வைத்து நடத்துங்கள் சார். பெண்களை மட்டும் தனி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திப் பேசினால், சாத்திய கதவைப் பற்றித்தான் பையன்கள் பேசுவார்கள். கருப்பை என்றால் என்ன, அதன் உட்சுவர் மாதாமாதம் எதற்குத் தடிக்கிறது, எதற்கு உதிர்கிறது என்று படம் போட்டு அறிவியல் டீச்சர் சாதாரணமாகச் சொன்னால் இரண்டாவது பீரியடிலேயே சிரிப்பு நின்றுவிடும், நான் பார்த்திருக்கிறேன். அதற்கும் மேல் ஒருவன் கேலி செய்தால் அதைக் கேலி செய்த குற்றமாகவே எடுத்துக் கண்டியுங்கள், கேலிக்கு ஆளான பிள்ளையைப் பத்திரமாக இருந்துக்கோ என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

சின்ன விஷயங்கள் என்றால், வாங்குவதற்கு முன் மாணவிகளிடம் பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் என்ன வேண்டும் என்று கேளுங்கள். பெரியவர்கள் நாமாகவே பெரிய சைஸாக வாங்கி வைத்துவிடுவோம், ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது, இரண்டு சைஸ் வேண்டும். வாசனை போட்டது வேண்டாம், சிலருக்கு அரிப்பு வரும். அலமாரி சின்னப் பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வரும் மாணவி பயன்படுத்தும் கழிப்பறை தனியாக இருந்தால் அங்கேயும் ஒன்று வையுங்கள், அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். மாற்று யூனிஃபார்ம் பாவாடை இரண்டு மூன்று துவைத்து மடித்து வைத்திருங்கள். அலமாரியை நிரப்ப ஒரே ஒருவரை நம்பாதீர்கள், அவர் லீவு போட்டால் காலியாகவே இருக்கும், இரண்டு பேராக இருக்கட்டும். நீண்ட விடுமுறைக்கு முந்தின வாரம் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக அடுக்குங்கள். அந்த வாரம் சில பிள்ளைகள் வீட்டுக்கும் சேர்த்து எடுப்பார்கள், எடுக்கட்டும்.